இடப்பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு சுற்று

பணியின் கடைசி ஐந்து ஆண்டுகளில் நான் மருத்துவமனையில் படம் காட்டிக்கொண்டிருந்தேன் என்றே என் வீட்டார் நம்பினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் நாத்தனார் அதை நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார். "எங்க மதினி இப்போ பேஷண்டுகளுக்கு சினிமா போடுதாங்க. கண்ணுல ஒரு பொட்டியைக் கெட்டிவிட்டுப் போடுதாங்க." பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர் மட்டும் நான் விளக்குவதை முழுவதும் கேட்பார். கேட்டு முடித்து, "எல்லாஞ் சரி. ஆளு நகருதாரா, நகரலியா? அதை மட்டும் சொல்லு" என்பார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் நேரான விடை இருக்கவில்லை. இன்றும் இல்லை.

இதை எழுதச் சொன்னவர்கள் எனக்குப் பின் அந்தப் பணிக்கு வந்தவர்கள். அங்கே புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது. செருப்பைப் போலக் காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். நடக்க நடக்க அதன் சக்கரங்கள் ஆளைப் பின்னுக்கு இழுத்து, நின்ற இடத்திலேயே நடக்க வைக்கும். "இதுக்கு முன்னால எப்படி நடக்க வச்சீங்கன்னு எழுதிக் குடுங்க மேடம். உங்க பதிவேடு மட்டும்தான் எங்ககிட்ட இருக்கு. படிச்சா ஒண்ணும் புரியல" என்றார்கள். பதிவேட்டை எழுதியவள் நான். எனக்கும் அது முழுதாகப் புரிந்ததில்லை.

திருநெல்வேலியில் பள்ளி, சென்னையில் இயன்முறை மருத்துவம், திருமணத்துக்குப் பின் சங்கரன்கோவில். ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில், தறியில் தோள் விட்டுப்போனவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு கையை மறந்தவர்கள் என்று நீண்ட காலம் கழிந்தது. காதுக்குள்ளும் ஒரு நடை இருக்கிறது என்பதை டாக்டர் சிவசைலம் வந்த பிறகுதான் அறிந்தேன். தலை திரும்புவதையும் உடல் நகர்வதையும் மூளைக்கு அறிவிக்கும் சிறு உறுப்பு இரு காதுகளின் உள்ளேயும் உண்டு. அது கெட்டவர்களுக்குக் கால்கள் நன்றாக இருந்தும் நடக்க வராது.

அவர் காது மருத்துவர். பெரிய நகரங்களில் பணியாற்றிவிட்டு, அறுபதைக் கடந்தபின் எங்கள் ஊருக்கு வந்தவர். யாரையும் அவர் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அவருடைய கண்டிப்பு முழுவதும் ஒரே சொல்லில் அடங்கும்: "எழுதுங்க." நாம் கருத்துச் சொல்லத் தொடங்கினால், "அது நீங்க நெனச்சது. பாத்தது என்ன? அதை எழுதுங்க" என்பார். பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்கு 'காரணம்' என்று தலைப்பு. அதில் பேனாவை வைக்கப் போனால் மட்டும் கையை நீட்டித் தாளை மறைப்பார். "அவசரப்படாதீங்க நவமணி. அது காலியாக் கெடந்தா ஒண்ணும் கொறஞ்சிராது."

மருத்துவமனைக்குப் பின்னால், தறிகளை அகற்றிவிட்டுக் காலியாகக் கிடந்த ஒரு விசைத்தறிக் கூடத்தை அவர் கேட்டு வாங்கினார். காதின் சமநிலை கெட்டவர்களைக் கண்முன் தெரியும் ஒரு பொய்ச்சாலையில் நடக்கப் பழக்குவது அவர் திட்டம். தரை முழுவதும் கறுப்பு ரப்பர் விரிப்பு போடப்பட்டது. நடுவில் ஒரு மேசை, அதில் கணினி, அதன்முன் ஷகிலா. வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோன பொறியாளப் பெண். கண்ணில் மாட்டும் அந்தப் பெட்டிக்குள் தெரிந்த உலகை அமைத்தவள் அவள்தான். உலகம் என்றால், சங்கரன்கோவிலிலிருந்து அவள் ஊருக்குப் போகும் சாலை. ஓரத்தில் புளியமரங்கள், கிலோமீட்டர் கற்கள், மேற்கே மலை.

உலகம் பெரியது, கூடம் சிறியது. பெட்டி மாட்டிய ஒருவர் அந்தச் சாலையில் எப்படி முன்னேறுவது என்பதுதான் எங்கள் முதல் சிக்கல். நான்கு வழிகள் இருந்தன. ஆங்கிலப் பெயர்கள் நோயாளிகளின் நாவில் நிற்காததால் பதிவேட்டுக்காக நானே பெயர் வைத்தேன். முதலாவது தாவல். கையிலுள்ள விசையை அழுத்தினால் தோட்டத்துக் குழாயிலிருந்து நீர் பாய்வதுபோல ஒரு நீல வளைவு புறப்பட்டுத் தொலைவில் ஒரு வட்டமாக விழும். விரலை எடுத்தால் நாம் அங்கே இருப்போம். இடையிலுள்ள வழி என்று ஒன்றும் இருக்காது. அடுத்தது வழுக்கல். கட்டைவிரலால் ஒரு குமிழை முன்னே தள்ளினால் சாலை நம்மை நோக்கி ஓடிவரும். நாம் மரம்போல் நிற்போம். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி எடுத்துவைத்தால் பெட்டி அதை நடையாக எண்ணிக்கொள்வது நின்றநடை.

நான்காவதுதான் வளைநடை. இதில் ஆள் உண்மையாகவே நடப்பார். அவர் ஒவ்வோர் அடி எடுக்கும்போதும் பெட்டி காட்சியை ஓர் இம்மியளவு திருப்பிவிடும். அதை ஈடுசெய்ய அவரும் தம்மை அறியாமல் அந்தப் பக்கம் திரும்புவார். கண்ணுக்கு நேர்ச்சாலை, கால்களோ கூடத்தின் நடுமேசையைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டிருக்கும்.

நோயாளிக்குச் செய்வதை முதலில் ஊழியர்கள் எல்லோரும் செய்துபார்க்க வேண்டும், தாம் உட்பட, என்பது டாக்டரின் விதி. வழுக்கலில் நான் இரண்டு நிமிடம் தாங்கினேன். மூன்றாவதில் வாளியைத் தேடினேன். வளைநடையில் டாக்டர் நாலு சுற்றுப் போய், ஷகிலாவின் மேசையைப் பிடித்து நின்றார். "நாலு போதும். இன்னும் போனா நேருங்கற வார்த்தையே மறந்துரும்." ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கழற்றும் முன் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: "வாசல் எங்க? கையைக் காட்டுங்க." தாவிய பிறகு எல்லோரும் தயங்கித் தயங்கிக் காட்டுவார்கள். வளைநடைக்குப் பிறகு தயக்கமே இராது. உறுதியோடு தவறான திசையைக் காட்டுவோம்.

மாடசாமி வந்தபோது இந்த விவரங்களெல்லாம் பதிவேட்டில் ஏறியிருந்தன. அவர் வாசுதேவநல்லூர் வழியாக ராஜபாளையம் போகும் தனியார் பேருந்தில் இருபது ஆண்டு நடத்துனர். ஒரு காய்ச்சல் இரண்டு காதுகளின் சமநிலை உறுப்புகளையும் அணைத்துவிட்டுப் போயிருந்தது. தலையைத் திருப்பினால் உலகம் குலுங்கியது. மனைவி கோமதியின் தோளைப் பிடிக்காமல் தெருவில் ஓர் அடி வைக்க முடியவில்லை. ஓடும் வண்டியில் ஒன்றையும் பிடிக்காமல் நின்று பழகியவர். ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா கழிந்த மறுநாள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக வண்டி உரிமையாளர் சொல்லியிருந்தார்.

தாவல் அவருக்குப் பிடித்திருந்தது. "இது எடையில நிக்காத எக்ஸ்பிரஸ்லா? நல்லாத்தான் இருக்கு. ஆனா டிக்கெட்டு எப்பக் கிழிக்க?" என்றார். கால்களுக்கு அதில் வேலையில்லை என்பதால் விட்டுவிட்டோம். வழுக்கலில்தான் முதல் குழப்பம். எங்கள் எல்லோரையும் வாளியைத் தேடவைத்த வழுக்கல் அவரை ஒன்றும் செய்யவில்லை. "கொமட்டுறதுக்கும் காது நல்லா இருக்கணும்" என்றார் டாக்டர். கெட்ட காது ஒரு நோயிலிருந்து காப்பாற்றுகிறது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாலை ஓடிவந்த வேகத்தில் அவர் உடல் அதன் பின்னே சாய்ந்து, விழாமல் தாங்கக் கூரையிலிருந்து கட்டியிருந்த கச்சையில் தொங்கினார்.

ஆகவே வளைநடை. இடுப்பில் அகலமான பட்டை. அதன் பின்பிடியில் என் கை. முதல் நாள் கேட்டார்: "தறி மாதிரி அடியில இந்த விரிப்பு ஓடுதோ, டாக்டரம்மா?" நான், "நீங்க நடங்க அண்ணாச்சி" என்றேன். பாதை வளைவதை நோயாளி அறிந்தால் நடை மாறிவிடும் என்று எங்களுக்குள் ஒரு கருத்து இருந்தது. நடை முடிந்ததும் திரையை இருட்டாக்குவோம். அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திப் புறப்பட்ட இடத்துக்குத் தள்ளி, வாசலை நோக்கித் திருப்பிவிட்டுப் பெட்டியைக் கழற்றுவோம். நாற்காலி சுழல்வதை அறிவிக்கும் உறுப்பு அவரிடம் இல்லை. அது இல்லாததால்தான் எங்களால் அப்படிச் செய்ய முடிந்தது. இதை எழுத இத்தனை ஆண்டு பிடித்திருக்கிறது.

அவர் தேறினார். ஒரு வாரத்தில் பட்டையின் இழுவை தளர்ந்தது. நிறுத்தங்களைக் கூவிக்கொண்டே நடந்தார். "பின்னால தள்ளி நில்லுங்க, டாக்டரம்மா! படியில நிக்காதிய!" முந்தைய நாள் விட்ட கல்லிலிருந்து மறுநாள் தொடங்கினார். வாசுதேவநல்லூரில் இறங்கி ஷகிலா வீட்டில் காப்பி குடிப்பதாகப் பேச்சு. ஒவ்வொரு சுற்றுக்கும் நான் பதிவேட்டில் ஒரு கோடு இட்டேன்.

ஆடித்தபசுக்குக் கொடியேறிய மறுநாள் அது நடந்தது. கொடியேறியதும் நேர்ந்துகொண்டவர்கள் கோவிலைச் சுற்றத் தொடங்குவார்கள். நூற்றெட்டு, சிலர் அதற்கும் மேல். ஆடிச்சுற்று என்பார்கள். கணவர் தன் தோளை விட்டு நடந்தால் இருவருமாக நூற்றெட்டு சுற்றுவதாகக் கோமதியும் நேர்ந்திருந்தார். வழக்கமாக வெளியே வேம்படியில் காத்திருப்பவர், அன்று கோவிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணைக் கணவர் நெற்றியில் இட நேரே உள்ளே வந்துவிட்டார்.

கண் மறைக்கப்பட்ட கணவர் இடக்கைப் பக்கம் மேசை இருக்க, சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டார். புற்றுமண் பொட்டலம் விரிப்பில் விழுந்தது.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்கன்னு சொல்லுதேம்லா! யாரு செத்துப்போனான்னு இந்த மனுசனை இடப்பக்கமாச் சுத்த விட்டிருக்கிய?"

ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினார். மாடசாமி முழங்கால் மடிந்து விழுந்தார். பட்டையைப் பிடித்திருந்த நானும் விழுந்தேன். அவர் கண்களை இடுக்கிச் சுவரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், தனக்குப் பின்னால் இருந்த வாசலைத் தேடிப் பிடித்தார்.

"விரிப்பு ஓடலியா?"

"இல்ல அண்ணாச்சி. நீங்கதான் நடந்தீங்க. இந்த மேசையைச் சுத்தி."

"அப்போ வாசுதேவநல்லூரு?"

நான் ஷகிலாவைப் பார்த்தேன். அவள் கணினியைப் பார்த்தாள்.

"இருவது வருசமா அந்த ரோட்டுல நின்னுக்கிட்டே போறவன் தாயி நான்" என்று அவளிடம்தான் சொன்னார், கோபமே இல்லாமல். "என்னைய ஒரே எடத்துல ரவுண்டு அடிக்க விட்டுட்டியளே."

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தபசுக்கு ஏழு நாளே இருந்தது. முப்பது ஆண்டுகளாக ஆடி மாதத்தில் கோவிலைச் சுற்றும் கூட்டத்தை வாசலோடு கடந்து வேலைக்குப் போயிருக்கிறேன். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. எத்தனையோ புத்தகங்களைப் படித்தவள் என்று எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. அது அந்த இரண்டு நாளில் என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் கோமதி வந்தார். மாடசாமி அவர் தோளைப் பிடித்திருந்தார். மறுபடியும் முதலிலிருந்து.

"எத்தன சுத்துன்னு கணக்கு இருக்கா, டாக்டரம்மா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். "அதுல எழுதியிருக்கது அவங்களோடது. காட்டுங்க" என்றார். கோடுகளை எண்ணினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"அத்தனையும் வலப்பக்கமாச் சுத்தி அவுக்கணும்" என்றார் கோமதி. "இதைச் சொமந்துக்கிட்டு நான் எப்படி அங்கன போயி நேந்த சுத்தைச் சுத்த?"

வளைவை வலப்பக்கமாக மாற்றிவிட முடியும் என்று ஷகிலா சொன்னாள். மாடசாமி மறுத்துத் தலையசைத்தார். "பொட்டி வேண்டாம் தங்கச்சி. கண்ணைக் கெட்டி எங்க வேணாலும் கூட்டிட்டுப் போவிய. வெறுங்கண்ணோட நடக்கேன். விழுந்தாலும் எங்க விழுதேன்னு தெரியும்."

டாக்டர் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். "நடக்கத்தானே கேக்காங்க" என்றார். "எழுதுங்க."

இடப்பக்கம் என்று யார் முடிவுசெய்தது என்று அப்போதுதான் நான் ஷகிலாவைக் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "யோசிக்கவே இல்லக்கா. மக்காவுல நாங்க இடப்பக்கமாத்தான் சுத்துவோம். சின்னதுலேருந்து டிவியில பாத்தது. சுத்துன்னதும் கை அதுவா அங்க போயிருச்சு."

நான் பதறினேன். கோமதி பதறவில்லை. அவளிடம், "அப்போ நீ நடந்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒனக்கு அவுக்க வேண்டாம், மவளே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒங்க கோயில்ல எந்தப் பக்கம் சுத்துவிய?"

"நாங்க சுத்துறதில்ல. நேரா உள்ள போவோம், நேரா வெளிய வருவோம்."

"சரியாப்போச்சு. ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் இல்ல. இவரு பின்னால பட்டையைப் பிடிச்சிக்கிட்டு நீங்களும் அத்தனையும் சுத்தியிருக்கிய. நீங்களும் சேந்தே வாங்க." டாக்டரையும் விடவில்லை. "நீங்க, ஐயா?"

"எனக்கு நாலுதான்மா" என்று சிரித்தார் அவர். "பெறகு பாத்துக்கிடலாம்."

இப்படியாக, நான் வலப்பக்கம் சுற்றத் தொடங்கினேன். வேதாகமத்தை நாள்தோறும் வாசிக்கிறவள், ஒரு தறிக்கூடத்தில் கணினி மேசையைச் சுற்றி எதை அவிழ்க்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. பட்டையை யாராவது பிடிக்க வேண்டும், அதனால் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். கோமதி முன்னே நடந்தார். மாடசாமியின் கண் அவர் கொண்டையிலிருந்த பிச்சிப்பூவில் நிலைத்திருந்தது. சுற்று ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டையைக் கோமதி மேசையில் வைக்க, ஷகிலா எண்ணைச் சொன்னாள். முதல் நாள் இரண்டு முறை விழுந்தார். எழுந்து, "இந்த வண்டிக்கு ஒரே ஸ்டாப்புதானா, தங்கச்சி?" என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நகரும் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தி நடப்பது எங்கள் துறையில் அறிந்த பயிற்சிதான், புத்தகத்தில் உண்டு. ஆனால் புத்தகப்படி அதை நான் கொடுத்தபோது அவருக்குச் சலிப்பே மிஞ்சியிருந்தது. இப்போதோ ஒரு நாளைக்கு ஐம்பதுக்கும் மேல் நடந்தார். இருநூறைக் கடந்த நாளில் பட்டை என் கையில் வெறுமனே கிடப்பதை உணர்ந்தேன். முன்பானால் அவர் அறியாமலே விட்டிருப்பேன். நாங்கள் கற்ற முறை அது.

"அண்ணாச்சி, பட்டையை விடப்போறேன்."

"விடுங்க" என்றார், திரும்பாமல். "சொன்னியள்லா. அது போதும்."

தபசுக்கு முந்தைய நாள் நண்பகலில் ஷகிலா முந்நூற்றுப் பன்னிரண்டு என்றாள். கோமதி கணவர் நெற்றியில் புற்றுமண் இட்டார். என் நெற்றியில் இடலாமா என்று பார்த்து, என் கையில் கொஞ்சம் வைத்தார். அன்று மாலை பதிவேட்டைத் திறந்து டாக்டரிடம் கேட்டேன்: காரணம் எது? பெட்டியோடு நடந்த நாட்களா, பெட்டியில்லாமல் நடந்தவையா, தானாக நேர்ந்த தேறுதலா, கோமதி சொல்வதா?

"நாலையும் எழுதினா நாலும் பொய்யாயிரும்" என்றார். தாளை மறைக்க அவர் கை நீளவில்லை. நானே மூடிவிட்டேன்.

தபசன்று அவர்கள் நூற்றெட்டு சுற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து நான் அவருடைய வண்டியில் ஏறினேன், ஓர் இயன்முறை மருத்துவராக அவர் நடையைப் பார்ப்பதற்கு. வளைவுகளில் முழங்காலை இளக்கி, பையை நெஞ்சோடு அணைத்து, ஒன்றையும் பிடிக்காமல் நடந்தார். வாசுதேவநல்லூரில் விசில் ஊதிவிட்டு என்னிடம் குனிந்தார். "வந்தாச்சு, டாக்டரம்மா. நல்லாப் பாத்துக்கோங்க, நேராத்தான் வந்திருக்கோம்." இருட்டில் கண்ணும் உதவாது என்பதால், பொழுது சாய்ந்த பிறகு அவரால் இன்றும் நடக்க முடியாது. வண்டியின் கடைசி நடைக்கு வேறு ஆள் வருகிறார்.

டாக்டர் சிவசைலம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாரடைப்பில் இறந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இதய நோய் முன்பே இருந்தது. நான் பார்த்தது அதுதான். துக்கத்துக்கு வந்திருந்த கோமதி வெளியே வந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா அந்த நாலு சுத்தை அவுக்கவே இல்லியே" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தை வைக்க ஓர் இடம் கிடைக்காமல் நெடுநாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் புதிய கருவியைக் காட்ட என்னை அழைத்திருந்தார்கள். அதன் கம்பிகளைப் பொருத்திக்கொண்டிருந்த நேரத்தில், நான் கூடத்தின் நடுமேசையை வலப்பக்கமாக நாலு சுற்று நடந்தேன்.

"ஏதாவது தேடுதீங்களா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பழைய கேள்வியைக் கேட்கவில்லை.

டாக்டர் இல்லை. ஷகிலா பெங்களூரில் இருக்கிறாள். கோமதி வேம்படியில் இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. காலை ஏழு இருபது வண்டியில், ஒன்றையும் பிடிக்காமல், மாடசாமி நிற்கிறார்.